உப்பளத்துப் பையனுக்குப் பனிமலை எதற்கு?

மரக்காணத்தில் ஒரு பையன் வீடியோ கேமில் பனிமலையில் சறுக்கி விளையாடுகிறான் என்று கேள்விப்பட்டால் நம்மில் பலருக்குக் கோபம் வருகிறது. அடையாற்றிலோ அண்ணா நகரிலோ குளிர்சாதன அறையில் உட்கார்ந்து இன்னொரு பையன் அதே விளையாட்டை ஆடினால் வருவதில்லை. "பையன் வெகு சூட்டிகை! கை என்ன வேகம் பார்த்தீர்களா?" என்று வீட்டுக்கு வந்தவர்களிடம் காட்டிப் பெருமைப்படுகிறோம். மரக்காணத்துப் பையனைப் பார்த்தால் மட்டும், "இவனுக்கு எதற்கு ஐயா இதெல்லாம்?" என்று ஒரு பெருமூச்சு. அந்த "எதற்கு?" என்ற கேள்வியோடுதான் இன்று கொஞ்சம் சண்டை பிடிக்கலாம் என்றிருக்கிறேன்.

சண்டைக்கு முன் சங்கதி இன்னதென்று சொல்லிவிட வேண்டும். ஸ்நோபோர்டிங் என்பது பனி மூடிய மலைச்சரிவில் ஒற்றைப் பலகையின் மீது இரண்டு கால்களையும் பிணைத்துக்கொண்டு வழுக்கி இறங்கும் விளையாட்டு. 1998ஆம் வருஷம் பிப்ரவரியில் ஜப்பானின் நகானோ நகரத்தில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாக இதற்கு இடம் கொடுத்தார்கள். அந்த ஒலிம்பிக் முடிந்து ஆறே நாளில், அதே ஜப்பானில், நிண்டெண்டோ கம்பெனி '1080 ஸ்நோபோர்டிங்' என்ற வீடியோ கேமை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1080 என்பது டிகிரிக் கணக்கு. அந்தரத்தில் மூன்று முழுச் சுற்றுச் சுற்றி இறங்குவதற்குப் பெயர். 2000ஆம் வருஷத்தில் பிளேஸ்டேஷன் 2 பெட்டிக்கு 'எஸ்.எஸ்.எக்ஸ்.' வந்தது. 2016ல் 'ஸ்டீப்' வந்தது. இந்தக் கடைசி விளையாட்டைச் செய்தவர்கள் பிரான்ஸ் தேசத்தில் ஆல்ப்ஸ் மலைக்குப் பக்கத்திலுள்ள ஆன்சி என்ற ஊரில் வேலை செய்கிறவர்கள். தங்கள் ஊர் மலையையே டெலிவிஷன் பெட்டிக்குள் இறக்கிவிட்டார்கள். கையிலுள்ள ஜாய்ஸ்டிக்கைச் சற்றே சாய்த்தால் பலகை திரும்பும். மேட்டில் ஏறும்போது சமயம் பார்த்து விட்டால் ஆள் எகிறுவான். இறங்கும்போது பலகை நேராக இராவிட்டால் குப்புற விழுவான். மறுபடியும் எழுந்திருக்க வேண்டியதுதான்.

இனி மரக்காணம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் அந்த ஊர்ப் பக்கம் வந்ததும் காரை நிறுத்துவார்கள். மூவாயிரம் ஏக்கருக்கு மேல் உப்பளம். தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்தபடியாக உப்பு விளைகிற இடம் இதுதான் என்பார்கள். வருஷத் தொடக்கத்தில் பாத்தியைத் திருத்தி, மண்ணை மிதித்து இறுக்கி, உப்புநீரைப் பாய்ச்சி, ஒரு பாத்தியிலிருந்து இன்னொரு பாத்திக்கு மாற்றி மாற்றிக் காயவிடுகிறார்கள். நீரின் செறிவு பாமே மானியில் 25 டிகிரி அளவுக்கு வந்தால் உப்பு பூக்கத் தொடங்கும். நீண்ட கழியில் பொருத்திய பலகையால் அதை வாரி வரப்போரம் ஒதுக்குகிறார்கள். பெண்கள் அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்துகொண்டு போய்க் குவிக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் குவியலை ஓலையோ தார்ப்பாயோ போட்டு மூடிவிட வேண்டும். மழை முந்திக்கொண்டால் பாடுபட்டதெல்லாம் தண்ணீர்தான்.

காரில் வந்தவர்கள் இறங்கி, உப்புக் குவியலுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். "அச்சு அசல் பனிமலை மாதிரியே இல்லை?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். ஐந்து நிமிஷத்தில் கார் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுகிறார்கள். நியாயத்தைப் பாருங்கள்! உப்பைப் பனியாகக் கற்பனை செய்துகொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. அந்த உப்பை வாருகிற வீட்டுப் பையன் பனியைப் பனியாகவே திரையில் பார்த்தால் அது மட்டும் அதிகப்பிரசங்கித்தனம்.

இந்தக் கோபக்காரர்கள் சொல்லும் காரணங்கள் மூன்று. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதல் காரணம், இது அந்நியச் சரக்கு, நம் மண்ணுக்கு ஒட்டாதது என்பது. பனி எப்போது ஐயா நமக்கு அந்நியமாயிற்று? காஷ்மீரத்துக் குல்மார்க் இந்தியாவில்தானே இருக்கிறது? 2020லிருந்து 'கேலோ இந்தியா' குளிர்கால விளையாட்டுகள் நடக்கின்றனவே, அங்கே ஸ்நோபோர்டிங்கும் உண்டு. இமாசலப் பிரதேசத்துச் சிவ கேசவன், பனித்தடத்தில் வண்டியில் வழுக்கி இறங்கும் 'லூஜ்' விளையாட்டில், 1998 நகானோ தொடங்கி 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகக் கலந்துகொண்டார். பழகுவதற்குப் பனித்தடம் கிடைக்காமல், வண்டிக்குச் சக்கரம் மாட்டி மலைச்சாலையில் உருண்டு பழகியவர் அவர். 2022ல் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து போனவர் ஆரிஃப் கான் என்ற ஒரே ஒரு காஷ்மீரத்து இளைஞர். குமரி முதல் இமயம் வரை என்று மேடைக்கு மேடை முழங்குகிறோம். குமரிப் பக்கத்துப் பையன் இமயப் பக்கத்துப் பனியை எட்டிப் பார்த்தால் மட்டும் அந்நியமா?

இன்னொன்றும் சொல்கிறேன். மரக்காணத்தைத்தான் சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் என்று அறிஞர்கள் பலர் அடையாளம் காட்டுகிறார்கள். அந்தக் காலத்துப் புலவர்கள் இமயத்தைப் பற்றிப் பாடியிருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் பனியைக் கையால் தொட்டிருப்பார்கள்? "நெய்தல் நிலத்துப் பாணனே, உனக்கு இமயம் எதற்கு?" என்று எந்த அரசனும் கேட்டதாகத் தெரியவில்லை, பரிசில் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். உப்பு விற்ற உமணர்கள் வண்டி கட்டிக்கொண்டு காடும் மேடும் கடந்து உள்நாட்டுக்குப் போனவர்கள். உப்பு விளைகிற கரை என்றைக்குமே தன் வரப்புக்குள் அடைந்து கிடந்ததில்லை.

இந்தப் பலகையின் பூர்வோத்தரத்தைக் கேட்டால் மண்ணுக்கு ஒட்டாது என்ற வாதம் இன்னும் ஆட்டம் கண்டுவிடும். 1965ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் ஷெர்மன் பாப்பென் என்ற ஒரு தகப்பனார், தம் பெண் குழந்தைகளுக்கு விளையாட்டுக் காட்டுவதற்காக இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துப் பிணைத்து ஒரே பலகையாக்கிக் கொடுத்தார். கடல் அலைமேல் பலகையில் நின்று போகும் விளையாட்டைப் பனியில் ஆடினால் எப்படி இருக்கும் என்பதுதான் யோசனை. பனிக்கும் அலைச்சறுக்குக்கும் உரிய இரண்டு இங்கிலீஷ் சொற்களை ஒட்டி 'ஸ்நர்ஃபர்' என்று அவர் மனைவி பெயர் வைத்தார். ஆக, இந்தப் பலகைக்குப் பிறந்த வீடு கடற்கரை. பனிமலை அது வாழப்போன வீடு. இன்று கோவளத்தில் மீனவ இளைஞர்கள் அலைச்சறுக்கில் தேர்ந்து நிற்கிறார்கள். அலையோடு வளர்ந்த குப்பத்துப் பையனுக்கும் அந்தப் பலகைக்கும் உள்ள உறவு, குளிர்சாதன அறைப் பையனுக்கு உள்ளதைவிட நெருக்கமானது என்றுதான் நான் சொல்வேன். ஆரம்பத்தில் பல பனிமலை விடுதிகள் இந்தப் பலகைக்காரர்களை உள்ளேயே விடவில்லை என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள். "உங்களுக்கு இங்கே என்ன வேலை?" என்ற கேள்வியை அவர்களும் கேட்டுத்தான் வந்திருக்கிறார்கள்.

இரண்டாவது காரணம், இதனால் பயன் என்ன என்பது. இதை நாவல் வாசிக்கிற நீங்களா கேட்பது? 'பொன்னியின் செல்வன்' படித்த யாருக்காவது சோழ சைனியத்தில் உத்தியோகம் கிடைத்ததா? ஒரு தலைமுறைக்கு முன், நாவல் படிக்கிற பெண்கள் கெட்டுப்போகிறார்கள் என்று இதே குரலில் அழுதார்கள். பிறகு சினிமாவைச் சொல்லி அழுதார்கள். நம் சினிமாவிலோ, கதாநாயகி மெல்லிய புடவையோடு சுவிட்ஸர்லாந்துப் பனியில் நடுங்கிக்கொண்டே ஆடினாள். நாம் பாப்கார்ன் தின்றுகொண்டே பார்த்தோம். அப்போது பயனைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பேசவேண்டும். இரவு பகல் தெரியாமல் ஆட்டத்தில் மூழ்கி வாழ்க்கையைத் தொலைக்கிறவர்கள் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமே அதை ஒரு நோயாக 2019ல் ஏற்றுக்கொண்டது. பணம் கட்டி ஆடும் சூதாட்டம் எத்தனையோ குடும்பங்களைக் கெடுத்தது. 2022ல் தமிழ்நாடு சட்டசபையும், 2025ல் பாராளுமன்றமும் அதற்கு எதிராகச் சட்டம் செய்தன. செய்தது நல்லதுதான். ஆனால் பணம் வைத்து ஆடுகிற ஆட்டமும், பலகையில் வழுக்கி விழுந்து எழுந்திருக்கிற ஆட்டமும் ஒன்றாகிவிடுமா? தாயமும் சூதுதான் என்று சொல்லிக் குழந்தையின் பல்லாங்குழியைப் பிடுங்குகிற வேலை இது.

மூன்றாவது காரணம்தான் உண்மையான காரணம். மற்ற இரண்டும் அதற்குப் போர்த்திய சால்வைகள். "வயிற்றுக்கு இல்லாதவனுக்கு இந்த ஆசை எதற்கு? பார்த்துப் பார்த்து ஏங்கத்தானே போகிறான்?" என்பது அது. கேட்பதற்குக் கருணை போலவே இருக்கிறது. உள்ளே இருப்பது வேறு.

மரக்காணத்துக்குப் பக்கத்தில், மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு வீடியோ கேம் ஆடவிடுகிற ஒரு சின்னக் கடையில் ஒரு நாள் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். முன்னே சொன்ன மாதிரிப் பனிச்சறுக்கு ஆட்டம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டம் தொடங்குமுன் ஆளுக்குச் சட்டை, தலைக்கவசம், கண்ணாடி எல்லாம் ஆடுகிறவனே தேர்ந்தெடுத்து மாட்டிவிடலாம். பன்னிரண்டு பதின்மூன்று வயசுப் பையன் ஒருவன் அந்தக் கண்ணாடிப் பக்கத்திலேயே நின்றுவிட்டான். பின்னாலிருந்த பையன்கள் "ஆடுடா, டைம் ஓடுது" என்று கத்தினார்கள். அவன் கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணா, இந்தக் கண்ணாடி என்னா வெல இருக்கும்?"

"அது கேம்ல காசு சேத்தா கெடைக்கும்டா."

"அது இல்லண்ணா. நெஜமா, கடையில."

"உனக்கு எதுக்குடா? அது பனிக்குப் போடறது."

"உப்புக்கும் ஆவும்ணா. எங்கம்மாவுக்கு அளத்துல கண்ணு கூசுதுன்னு ராத்திரில தண்ணியா ஊத்துது."

கடைக்காரர் பதில் சொல்லவில்லை. பையனும் ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டான். அவன் கட்டிய காசுக்கு நேரம் ஓடிக்கொண்டிருந்ததே!

அவன் சொன்னதில் சாஸ்திரப் பிசகு ஒன்றும் இல்லை. புதிதாகப் பெய்த பனி, தன்மீது விழும் புறஊதாக் கதிர்களில் நூற்றுக்கு எண்பது பங்கு வரை திருப்பி அடித்துவிடும். அதனால்தான் பனிமலைக்குப் போகிறவர்கள் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் போவதில்லை. போனால் பனிக்குருடு என்ற கண்நோய் வந்து தவிக்க நேரும். உப்பளத்தில் மேலே வெயில், கீழே வெள்ளை உப்பு, நடுவில் பாத்தியில் கண்ணாடி போல் நிற்கிற நீர். மனிதன் எந்தப் பக்கம் பார்ப்பான்? பனிமலைக்காரன் பொழுதுபோக்காக இரண்டு மணி நேரம் சறுக்கிவிட்டு விடுதிக்குப் போய்க் கோக்கோ குடிக்கிறான். உப்பளத்துப் பெண் மாதக்கணக்காக அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவனுக்குக் காலில் கெட்டியான பூட்ஸ்; இவளுக்கு உப்புநீரில் வெடித்த பாதம். உயிரே இல்லாத ஒரு பொம்மை மனிதனுக்குக் கண்ணாடி வேண்டும் என்று ஆன்சி ஊர்க்காரர்களுக்குத் தோன்றியது. உயிரோடிருக்கும் மனுஷிக்கு வேண்டும் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தோன்றியது? அந்தப் பையனுக்குத் தோன்றிற்று. பனியைப் பார்த்ததால் தோன்றிற்று.

ஆசையைக் கண்டு பெரிய மனிதர்கள் ஏன் பயப்படுகிறார்கள் என்பது இப்போது விளங்குகிறதல்லவா? ஏக்கம் வரும் என்று அவர்கள் கவலைப்படவில்லை. ஏங்குகிறவன் வாயை மூடிக்கொண்டு ஏங்கினால் அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஒப்பிட்டுப் பார்ப்பானே என்பதுதான் கவலை. தன் ஊர் வெள்ளையை மட்டும் பார்த்து வளர்ந்தவன், கண் கூசுவது உப்போடு பிறந்த விதி என்று இருந்துவிடுவான். வேறொரு வெள்ளையைப் பார்த்தவன், "அங்கே கண்ணாடி இருக்கிறதே, இங்கே ஏன் இல்லை?" என்று கேட்டுவிடுகிறான். "விரலுக்குத் தகுந்த வீக்கம்" என்று பழமொழி சொல்கிறவர்கள், அந்த விரலை அளந்து வைத்தவர் யார் என்று மட்டும் சொல்லமாட்டார்கள்.

இதே காரியத்தை நாமும்தான் செய்துகொண்டிருக்கிறோம். ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' என்ற நாவலில் தூத்துக்குடி உப்பளத்து மக்களின் வாழ்க்கையை எழுதினார். மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் ஊஞ்சலில் உட்கார்ந்து அதைப் படித்துக் கண் கலங்கினோம். "மயிலாப்பூர்க்காரனுக்கு உப்பளம் எதற்கு?" என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், இலக்கியம் என்றால் என்னவென்று அவருக்குப் பாடம் நடத்தியிருப்போம். நாம் காணாத உலகத்தை நமக்குக் காட்டினால் அது கலை. உப்பளத்துப் பையனுக்கு அவன் காணாத உலகத்தைக் காட்டினால் அது கேடு. இது எந்த ஊர்த் தராசு?

"அப்படியானால் நம் மண்ணின் விளையாட்டே வரவேண்டாமா?" என்று ஒரு சிலர் கேட்பார்கள். தாராளமாக வரட்டும். 2009ல் 'தேசி அட்டா' என்று கபடியும் காற்றாடியும் வைத்துப் பிளேஸ்டேஷனுக்கு ஓர் ஆட்டத்தை இந்தியாவிலேயே செய்தார்கள். 2023ல் கனடாவின் டொரன்டோ நகரிலிருந்து 'வெண்பா' என்ற விளையாட்டு வந்தது. கடல் கடந்துபோய்க் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை; ஆடுகிறவன் இட்லி ஊற்ற வேண்டும், கிழிந்துபோன சமையல் குறிப்பை ஊகித்துப் பிரியாணி செய்ய வேண்டும். இட்லி என்றால் என்னவென்றே தெரியாதவர்கள் உலகமெங்கும் உட்கார்ந்து அதை ஆடினார்கள். 2024ல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு, முதல் முயற்சிக்கான பரிசை அதற்குக் கொடுத்தது. அந்த நாட்டுப் பையன்களிடம் "உனக்கு இட்லி எதற்கு?" என்று அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்டிருந்தால் நமக்கு எப்படி இருந்திருக்கும்?

உப்பளத்தையும் அப்படி ஓர் ஆட்டமாகச் செய்யலாம். பாத்தி மிதிப்பதும், 25 டிகிரி வரும்வரை காத்திருப்பதும், ஐப்பசி மேகத்தைப் பார்த்துக்கொண்டே குவியலை மூட ஓடுவதும் எந்தப் பனிச்சரிவுக்கும் குறைந்த பரபரப்பில்லை. ஆல்ப்ஸ் அடிவாரத்தில் அதைப் பார்க்கிற ஒரு பையன், "இந்த அம்மாவுக்குக் கண்ணாடி எங்கே?" என்று முதல் கேள்வியாகக் கேட்டாலும் கேட்பான். அதற்கு நாம் பதில் தயாராக வைத்திருக்க வேண்டும். செய்கிறவர்கள் செய்யட்டும். அதுவரையில், சொந்தச் சரக்கு ஒன்றையும் செய்து கொடுக்காமல், பையன் கையிலுள்ள பனியைப் பிடுங்குகிற வேலை வேண்டாம்.

கருணைமிக்க பெரியவர்களுக்கு, கருணை மிச்சம் இருந்தால், ஒரு வேலை சொல்கிறேன். மழைக்காலத்தில் வேலை இல்லாத உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் உதவித்தொகை கொடுக்கிற திட்டம் நம் மாநிலத்தில் இருக்கிறது. அது மழைக்காலத்துக்கு. வெயில் காலத்துக்கு, அளத்தில் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒரு நல்ல கறுப்புக் கண்ணாடியும், முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸும், நிற்க ஒரு நிழலும், குடிக்கத் தண்ணீரும் கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். அளம் நடத்துகிறவர்களைக் கேளுங்கள், சர்க்காரைக் கேளுங்கள். அடுத்த முறை போட்டோவுக்காகக் காரை நிறுத்தும்போது, குவியலைப் பார்த்த கண்ணால் அதைச் சுமந்தவர்களின் கண்ணையும் ஒரு தரம் பாருங்கள்.

தை பிறந்தால் மறுபடியும் பாத்தி மிதிக்கத் தொடங்கிவிடுவார்கள். கண்ணாடி அதற்குள் வந்து சேர வேண்டும்.